அரைச்சீட்டு

எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேற்றம் காண அம்மாவோடும் தம்பியோடும் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டேன். தஞ்சாவூரில் பேருந்து ஏறியதும் நடத்துனர் என் வயதைக் கேட்டார். எனக்குப் பதின்மூன்று, பன்னிரண்டு நிறைந்தால் முழுச்சீட்டு. அம்மா என் கையை மெல்லக் கிள்ளினார்கள். "பதினொன்று" என்றேன். நான் குள்ளம், அவர் நம்பிவிட்டார்.

பிறகு செபமாலை சொன்னோம். எந்த மணியில் விரல் இருந்ததென்றே எனக்குத் தெரியவில்லை. குளிர்காய்ந்துகொண்டிருந்த புனித பேதுரு, ஒரு பணிப்பெண் கேட்டதற்கே ஆண்டவரை மறுதலித்தாரே! மறைக்கல்வித் தேர்வில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். என்னைக் கேட்டவரும் வாளேந்திய வீரர் அல்லர். விசில் வைத்திருந்த நடத்துனர்தான்.

அம்மாவைக் குறைகூற மனம் வரவில்லை. அப்பாவின் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. தாய் சொல்லைத் தட்டுவதும் பாவமல்லவா? குழம்பியபடியே திருத்தலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஏமாற்றிய பாதிக் கட்டணத்தை ஏழை ஒருவருக்குக் கொடுக்கும்படி குருவானவர் சொன்னார். என் உண்டியல் காசில் பின்னர் கொடுத்தேன்.

திரும்பும்போதும் அதே கேள்வி. அம்மா வாய் திறக்குமுன், "பதின்மூன்று, முழுச்சீட்டு" என்றேன். அம்மாவிடம் தனியே முன்பே சொல்லியிருக்க வேண்டும். பலர் முன்னிலையில் சொன்னது என் பிழைதான். அவர்கள் முகம் வாடியது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார்கள். தம்பிக்குப் பொம்மை வாங்க வைத்திருந்த காசு. திருவாரூர் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. பிறகு, தூங்கி விழுந்த என் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்கள்.