ஆறு எட்டுக்கு முன்னால்

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மணலும் அலையும் இருந்தாலும், மாலைச் சூரியன் அந்தக் கடலில் இறங்குவதில்லை. மேற்கே வீடுகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பின்னால் போய்விடுகிறது. தண்ணீர்மேல் சூரியன் சாயும் படம் வேண்டுமென்றால் சென்னைப் புகைப்படக்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டுக்காடு உப்பங்கழியின் கிழக்குக் கரைக்கு வந்து நிற்க வேண்டும். தை மாத ஞாயிறுகளில் கல்யாண ஜோடிகளின் கார்கள் அங்கே வெயில் தாழுமுன்பே சேர்ந்துவிடுவது அதனால்தான்.

நான் உடன் சென்ற குழுவில் புகைப்படக்காரர், வீடியோ எடுப்பவர், மேக்கப் போடும் பெண், உதவியாளராக ஓர் இளைஞர் என நான்கு பேர். அன்று அஸ்தமனம் 6.08. அந்த நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுவதில் இவர்களுடைய திறமை பாதி அடங்கியிருக்கிறது. 5.35க்குள் ஜோடி கரையில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வேன் ஜன்னல்களுக்குத் துணி கட்டி, உள்ளே புடவை மாற்ற அரை மணி நேரம். அதற்கும் முன்னால் பச்சைப் பட்டில் ஒரு சுற்றுப் படம். ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம். மணப்பெண்ணின் பெரியம்மா, “சாயங்காலம் எடுக்கிற போட்டோவுக்கு மத்தியானமே கிளம்பணுமா?” என்று கேட்டதில் வியப்பில்லை.

பச்சை முதலில், மாம்பழ மஞ்சள் கடைசியில் என்ற வரிசைக்கும் காரணம் உண்டு. சூரியன் தாழத் தாழ ஒளியில் நீலம் குறைந்துவிடும். பச்சையும் நீலமும் அதில் மங்கிப்போகும். மஞ்சளும் சரிகையும் எடுப்பாகத் தெரியும். முகூர்த்தப் புடவை எதுவாக இருந்தாலும் கடைசி ஒளிக்கு எதை உடுத்துவது என்பதை மேக்கப் போடும் பெண் இரண்டு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தார்.

யூடியூபில் வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துவிட்டு இறங்கும் புதியவர்கள் நேரத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஜூன் மாத லண்டனில் சூரியன் சாய்வாக இறங்கும். 6 டிகிரி உயரத்திலிருந்து அடிவானத்தைத் தொடச் சுமார் 50 நிமிடம் ஆகும். சென்னையில் ஏறக்குறைய நேராகவே கீழே விழுகிறது. அதே தூரத்துக்கு 26 நிமிடம்தான். புகைப்படக்காரர் கையை முழுக்க நீட்டி, விரல்களைக் கிடையாகச் சேர்த்து, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே பிடித்துக் காட்டினார். “விரலுக்குப் பத்து நிமிஷம்கூடத் தேறாது சார். நாலு விரல்னா அரை மணிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.”

ஆனால் அன்றைய வேலையைக் காப்பாற்றியவர் உதவியாளர் என்றுதான் நான் சொல்வேன். செல்போன் செயலி காட்டும் 6.08, தடையில்லாத அடிவானத்துக்கான நேரம். கழிக்கு அக்கரையில் ஓஎம்ஆர் பக்கத்துக் கட்டடங்கள் நிற்கின்றன. முந்தைய ஞாயிறே வந்து பார்த்து, ஐந்து நிமிடம் முன்னதாகவே சூரியன் மறைந்துவிடும் என்று அவர் குறித்து வைத்திருந்தார். அதை நம்பித்தான் எல்லாமே முன்னால் நகர்த்தப்பட்டது.

ஆறு மணி நெருங்கியபோது அவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். கையில் நீளக் கம்பு, நுனியில் ஃபிளாஷ், அதன் முகத்தில் கிளிப் போட்ட ஆரஞ்சு நிற ஜெல் தாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் பின்னால் வானம் பொன்னாக இருக்கும், முன்னால் முகம் மட்டும் வெளிறி நீலம் பாய்ந்ததுபோல் வரும். வானத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்துவிட்டு, இருண்டுபோகும் முகத்தை அந்த ஃபிளாஷால் மீட்பது முறை. காற்று கம்பைத் தள்ளத் தள்ள அவர் கால்களைச் சேற்றில் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருந்தார். “தம்பி, லெஃப்ட்ல அரை அடி.” “ஓகேண்ணா.” “பிரதர், அவங்களைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க.” சில நிமிடங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போனதும் பக்கத்துக் குழுக்கள் பையைக் கட்டத் தொடங்கின. அது எனக்கு ஆதங்கமாகவே இருந்தது. அஸ்தமனத்துக்குப் பிறகும் இங்கே 20 நிமிடத்துக்கு மேல் படமெடுக்கும் வெளிச்சம் இருக்கிறது. இவர்கள் ஜோடியை அப்படியே கிழக்கே திருப்பினார்கள். கடல் பக்கத்து வானத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, அதற்குக் கீழே சாம்பல் நீலம். அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். நிழலே விழாத அந்த மென்மையான ஒளியில் ஃபிளாஷ் இல்லாமலே எடுத்த படங்கள், என் கண்ணுக்கு, சூரியனோடு எடுத்தவற்றைவிட அழகு.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்டூடியோவின் பெயர் மட்டும் அச்சாகும். தண்ணீரில் நின்றவருக்கு அன்றைய கூலிதான். அந்தப் பக்கத்தில் இன்னொரு வரிக்கு இடமில்லாமல் இல்லை.

வேனில் ஸ்டாண்டின் கால்களை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைத் துடைத்துக்கொண்டே உதவியாளர் அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசினார். “அடுத்த ஞாயிறு 6.11ண்ணா. ஆனா சூரியன் நாலு சூரியன் அகலம் வடக்கே தள்ளியிருக்கும். அந்தப் பெரிய பில்டிங் குறுக்கே வந்துடும். நாம கரையில நிக்கிற இடத்தை மாத்தணும்.”

புகைப்படக்காரர் அடுத்த ஜோடிக்கு, அரை மணி முன்னதாகவே வரச் சொல்லி, அங்கேயே செய்தி அனுப்பினார்.