ஏரிக்கரைப் பாடம்

கடலோடு உறவாடி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் வாழ்ந்த நம் முன்னோர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சுமத்ராவுக்கும் மரக்கலம் செலுத்தி வாணிபம் செய்தனர். மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறுவோர் உளர். உமறுப் புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியும் கப்பல் வாணிபத்தால் செல்வம் ஈட்டிய கீழக்கரைப் பெருமகனார்தாம். சுக்கான் என்று நாம் வழங்கும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. மாலுமி என்பதும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே என்பர் மொழியறிஞர். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர் என்று பொருள். கப்பலைச் செலுத்தியவருக்கு ஆசிரியர் என்று பெயர் சூட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் நாம்.

அத்தகைய நாம், தண்ணீரைப் பற்றி இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது யாது? "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்ற ஒரே பாடத்தைத்தான். அன்பினால் பிறந்த சொல்தான் அது. ஆயினும் அச்சொல் பிள்ளையைக் காப்பதில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் குழந்தைகளும் சிறுவர்களும் மிகப் பலர். தடை விதித்த வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் நண்பர்களோடு குளத்துக்குப் போகத்தான் போகிறான். அன்று அவன் துணைக்கு இருப்பது தடையா, அறிவா என்பதே கேள்வி.

எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி வெறும் கேள்வியன்று. எங்கள் மூத்த ராத்தாவின் தலைமகன் பதினொரு வயதில் ஊர்க் குளத்தில் இறங்கி, திரும்பாமலே போனான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரும் குளத்தில் கால் நனைத்ததில்லை. கடற்கரைக்குச் சென்றாலும் மணலோடு நிற்பதே வழக்கமாயிற்று. அவனுக்குப் பின் பிறந்த தம்பியும் நீந்தத் தெரியாமலே வளர்ந்தான். அவனுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே அச்சம் சீதனமாக வந்து சேர்ந்தது.

சென்ற கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் சென்றிருந்தோம். அங்குள்ள ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக விளங்கிய வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பார் 1863-இல் ஓடை நீரைத் தடுத்து அணை கட்டி அமைத்த ஏரி அது. பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். வானிலிருந்து நோக்கினால் நட்சத்திரம் போலக் கிளைகள் விரிந்து தோன்றும். சுற்றிவரச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை உண்டு. 1890 முதலே அங்கே படகுக் கழகம் இருந்து வருகிறது.

தண்டு வலிக்கப் பழகுவோருக்கு இத்தகைய ஏரி ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. தடையற்ற நீர்ப்பரப்பின் மீது காற்று எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அவ்வளவுக்கு அலை உயரும். கடலில் அந்தத் தூரத்துக்கு எல்லையே இல்லை. சிறிய ஏரியிலோ காற்று ஓடத் தொடங்கியதுமே மறுகரை வந்துவிடுகிறது. சுற்றிலும் குன்றும் மரமும் நின்று காற்றைத் தணிக்கின்றன. ஏரியின் கிளை ஒன்றுக்குள் ஒதுங்கிவிட்டால் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். ஆயினும் அமைதியான நீர் ஆழமற்ற நீராகிவிடாது. ஆளை மூழ்கடிக்கும் ஆழம் அங்கும் உண்டு, குளிரும் உண்டு. குளிர்ந்த நீரில் திடீரென விழுபவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சுத் திணறும். அந்நேரத்தில் கைகால்களை அடித்துக்கொள்ளாமல் மிதந்தபடியே மூச்சை நிதானப்படுத்திக்கொண்டவர் பிழைப்பார்.

படகுத்துறையை நெருங்கியதும் ராத்தா எங்கள் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, பிள்ளைகளைத் தண்ணிக்குள்ளே கொண்டு போகாதே. ஒண்ணு போனது போதும்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எங்களால் இயலவில்லை. ஒன்பது வயதுப் பேத்திதான் அவர் அருகே சென்று, "வாப்பும்மா, நீங்க கரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருங்க, நான் உங்க கண்ணுக்குத் தெரியிற இடத்திலேயே இருப்பேன்" என்றாள். ராத்தா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு சிமெண்டு இருக்கையில் அமர்ந்தார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை.

எங்களுக்கு வாய்த்த படகோட்டி முதியவர். கயிற்றை அவிழ்க்குமுன் ஒவ்வொருவரின் மிதவை உடையையும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அது மோவாயைத் தாண்டி மேலே ஏறினால் அளவு பெரிது, அல்லது வார் தளர்ந்திருக்கிறது என்று பொருளாம். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தபடி படகின் நடுவில் கால் வைத்து இறங்கச் சொன்னார். விளிம்பில் கால் வைத்தால் படகு சாயும். படகு ஓடும்போது எழுந்து நிற்பதும் இடம் மாறி அமர்வதும் கூடா.

பின்னர் தண்டைக் கையில் தந்தார். "பாய், கையை மடக்கி இழுக்காதீங்க. கையை நீட்டிக்கிட்டு, காலை உதைச்சு, முதுகாலே இழுங்க" என்றார். தண்டின் அலகு நீருக்குள் முழுதும் மறைந்தால் போதுமானது. அதற்கு மேல் ஆழ்த்தினால் தண்டு சிக்கிக்கொண்டு கையை உதறும். ஒரு கைத் தண்டை மட்டும் இழுத்தால் அணியம் மறுகைப் பக்கம் திரும்பும். ஒன்றை இழுத்து மற்றதைத் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். இரண்டையும் தள்ளினால் ஓட்டம் நிற்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும் என்பதையும் அவர் கற்பித்தார். கை ஓய்ந்த வேளையில் காற்றே நம்மைத் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரைநோக்கி நீந்தலாகாது. கவிழ்ந்த படகும் மிதக்கும், ஆகையால் அதையே பற்றிக்கொள்ள வேண்டும்.

தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி, அமரத்தை நோக்கி அமர்கிறார். அப்படியானால் நேராகப் போவது எங்ஙனம் என்று கேட்டோம். விட்டு வந்த கரையில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அமரம் அதைவிட்டு விலகாதபடி வலிக்க வேண்டும் என்றார் அவர். இடையிடையே திரும்பி முன்னேயும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேத்தியின் முறை வந்தபோது அவள் மரத்தையோ கட்டடத்தையோ குறிக்கவில்லை. கரையில் வெள்ளைத் துப்பட்டியோடு அமர்ந்திருந்த வாப்பும்மாவையே குறித்துக்கொண்டாள். படகோட்டி ஒரு தண்டைப் பிடிக்க, மற்றொரு தண்டை அவள் தன் இரு கைகளாலும் வலித்தாள். படகு கோணலாகவே சென்றது. ஆனால் அவள் கண் அந்த வெள்ளையை விட்டு அகலவில்லை.

கரை திரும்பியதும் ராத்தா ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிச் சிவந்திருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். மறுநாள் காலையில் அவளுடைய மிதவை உடையின் வாரை இறுக்கிப் பூட்டியது அவர் கைதான்.

நம் பெண்மக்கள் படகேறும்போது கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மிதவை உடையைப் புர்காவுக்கு மேலேதான் அணிய வேண்டும். துப்பட்டாவின் முனையை அதற்குள் செருகிவிட வேண்டும்; கீழ்விளிம்பு காலில் சிக்காதபடி ஒதுக்கி அமர வேண்டும். மரியாதையான உடைக்கும் பாதுகாப்புக்கும் பகையொன்றுமில்லை.

ஒதுக்கமான நீர் என்று மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் படகு மூழ்கி 22 உயிர்கள் போயின. அவற்றுள் பல பச்சிளங் குழந்தைகளின் உயிர்கள். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தனர். தண்ணீரை அறிந்த ஒருவர் அத்தகைய படகைக் கண்டதும் ஏற மறுத்துக் குடும்பத்தைக் கரையிலேயே நிறுத்திவிடுவார். தண்டு பிடித்துப் பழகியதன் முதற்பயன், எந்தப் படகில் ஏறக்கூடாது என்று தெரிந்துகொள்வதேயாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவர். மிதவை உடையின் வாரைப் பூட்டுவது ஒட்டகத்தைக் கட்டுவதேயன்றோ? நூஹ் நபி (அலை) அவர்களும் வெள்ளம் வருமுன் இறையாணைப்படி மரக்கலத்தைக் கட்டி முடித்த பின்னரே அதில் ஏறினார்கள்.

ஆகவே, விடுமுறையில் ஏரியுள்ள ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர், அதைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவதோடு நின்றுவிட வேண்டா. காற்று ஓய்ந்த காலைப்பொழுதில், அறிந்தவர் ஒருவர் துணையோடு, மிதவை உடை அணிவித்து, ஆணோ பெண்ணோ பிள்ளையின் கையில் தண்டைக் கொடுங்கள். ஊர் திரும்பியதும் நீச்சலும் பழக்குங்கள். வாப்பாவும் உம்மாவும் அங்கே முஅல்லிமாக நிற்கட்டும். நம் பிள்ளைகளைக் கரையிலும் நீரிலும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.