தண்டட்டியின் ஆட்டம்

எண்பதுகளின் பிற்பகுதியில் மதுரைப் பக்கத்துக் கல்யாணங்களுக்குள் வீடியோ நுழைந்தது. தோளில் கருவியைச் சுமந்தபடி ஒருவர். கண்கூசும் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருவர். வயரை இழுத்துக்கொண்டு பின்னால் ஒரு சிறுவன். விளக்கு தம் பக்கம் திரும்பிய கணத்தில் பந்தியில் இருப்பவர் சோறு அள்ளிய கையை அப்படியே நிறுத்திவிடுவார். விளக்கின் வட்டத்துக்குள் வந்தவர்களுக்கு முகம் கிடைத்தது. வெளியே நின்றவர்கள் கருநீலப் புள்ளிகளின் கொதிப்புக்குள் அமிழ்ந்துபோனார்கள். அந்தக் கொதிப்பைத்தான் படத்தின் இரைச்சல் என்கிறார்கள். காதுக்குரிய சொல்லைக் கண்ணுக்குக் கடன் கொடுத்தது யாரோ, பொருத்தமாகவே கொடுத்திருக்கிறார். இக்கட்டுரை அப்படி அமிழ்ந்துபோன ஒருத்தியைப் பற்றியது. இடையில் கொஞ்சம் கணக்கும் கணினியும் வரும். இலக்கிய அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

1989இல் சோழவந்தானில் என் அத்தையின் திருமணம் நடந்தது. கொடிக்காலும் தென்னந்தோப்புமான வைகைக்கரை ஊர் அது. மூன்று மணிநேர வி.ஹெச்.எஸ். நாடா ஒன்றில் அந்தக் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. அதில் பந்தல்காலின் ஓரமாக, விளக்குக்கு அஞ்சி ஒதுங்கி, பதினோரு விநாடிகள் மட்டும் என் அப்பத்தா நிற்கிறாள். யாரோ கூப்பிட, தலையைத் திருப்புகிறாள், வடித்த காதில் தண்டட்டி ஆடுகிறது, மறைந்துவிடுகிறாள். இரண்டு வருடம் கழித்து அவள் இறந்தாள். அவள் அசைகிற படம் எங்களிடம் வேறு கிடையாது.

2006இல் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து அந்த நாடாவைக் குறுந்தகடாக மாற்றினோம். இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொன்னார்கள், நீக்கியும் தந்தார்கள். அத்தை பார்த்துவிட்டுச் சொன்னது இது: “இது எங்க ஆத்தா மொகமே இல்ல மருமகனே. தண்ணி பட்ட மாக்கோலமால்ல இருக்கு.”

புள்ளிகள் போயிருந்தன. கூடவே கன்னத்துச் சுருக்கமும், கண்டாங்கிச் சேலையின் கட்டமும் போயிருந்தன. பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகக் குழைத்துச் சராசரி எடுக்கும் எளிய வடிகட்டி அப்படித்தான் செய்யும். அதற்கு அம்மைத் தழும்பும் ஒன்றுதான், நாடாவின் இரைச்சலும் ஒன்றுதான்.

இதைவிட நுட்பமான முறை ஒன்று 2005இலேயே வெளியாகியிருந்தது. புவாதெஸ், கோல், மொரெல் என்னும் மூன்று கணித அறிஞர்கள் வகுத்தது. ‘நான்-லோக்கல் மீன்ஸ்’ என்று பெயர். அதன் கருத்து அழகானது. கல்யாணப் பந்தலில் ஒரு தென்னங்கீற்றைப் போலவே இருபது கீற்றுகள் இருக்கின்றன. கீற்று ஒன்றுபோல் இருக்கும். அதன்மேல் படிந்த இரைச்சலோ ஒவ்வோரிடத்திலும் வேறுவேறாக இருக்கும். ஆகவே ஒத்த துண்டுகளைத் தேடி எடுத்து, அவற்றுக்குள் மட்டும் சராசரி காண வேண்டும். கீற்று நிற்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அண்டை வீட்டுக்காரன் என்பதற்காக அல்ல, சாயல் ஒத்தவன் என்பதற்காக ஒருவனைச் சாட்சிக்கு அழைக்கிற முறை.

தேடுவதற்குத்தான் விலை. நம்மூர் ‘பால்’ முறைப் படத்தில் ஒரு சட்டகம் 720க்கு 576 புள்ளிகள், ஏறத்தாழ 4,15,000. ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சூழ்ந்த 21க்கு 21 கட்டத்துக்குள் 441 இடங்களைப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 7க்கு 7 துண்டாக 49 புள்ளிகளை ஒப்பிடவேண்டும். பெருக்கினால் ஒரு சட்டகத்துக்குச் சுமார் 896 கோடி ஒப்பீடுகள். விநாடிக்கு 25 சட்டகம் வீதம், மூன்று மணிநேர நாடாவில் 2,70,000 சட்டகங்கள் இருக்கின்றன.

என் அன்றைய கணினி இந்த வேலையில் விநாடிக்கு ஒரு சட்டகம் என்ற கதியில் நகர்ந்தது. முழு நாடாவுக்கு 75 மணிநேரம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு சட்டகங்களிலும் சாயல் தேடச் சொன்னால் படம் இன்னும் தெளியும். ஆனால் உழைப்பு ஐந்து மடங்காகும். அதாவது 375 மணிநேரம், பதினைந்து நாளுக்கு மேல். அது 2012. மதுரையில் பகலும் இரவுமாகச் சேர்த்துப் பத்து மணிநேரத்தைத் தாண்டி மின்சாரம் நின்ற நாட்கள் உண்டு. சென்னைவாசிகள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் மின்விசிறிக்கே போதாத வீட்டில், பதினைந்து நாள் ஓயாமல் கணக்குப் போடும் எந்திரத்தை யார் காப்பாற்றுவது?

அதே ஆண்டு மார்ச்சில் பந்துலுவின் ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டுப் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. சிவாஜிக்குச் செலவழிக்க ஆள் உண்டு, செலவைத் திருப்பித்தர ரசிகர்களும் உண்டு. பந்தல்கால் ஓரத்துக் கிழவிகளுக்குப் படமுதலாளி கிடையாது.

வழி, விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்த பொருளில் இருந்தது. கணினியின் மையச் செயலி தேர்ந்த கொத்தனாரைப் போன்றது. நான்கு பேரோ எட்டுப் பேரோதான், ஆனால் எந்தச் சிக்கலான வேலையையும் செய்வார்கள். கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையோ நடவுக்கு இறங்கிய பெண்களின் வரிசை. எளிய கணக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுவர் எழுப்புவதில் கீழ்வரிசை முடியாமல் மேல்வரிசை இல்லை. அங்கே நூறு பேர் வந்தாலும் நிற்கத்தான் வேண்டும். நாற்று நடவில் ஒருத்தியின் குத்துக்காக இன்னொருத்தி காத்திருப்பதில்லை. மேலே சொன்ன வடிகட்டி நடவு வேலை; ஒரு புள்ளியின் விடைக்கு இன்னொரு புள்ளியின் விடை தேவையில்லை.

முப்பரிமாண விளையாட்டுகளுக்கென்று உருவான இந்த அட்டைகளைப் பொதுவான கணக்குக்குத் திருப்பிவிட, 2007இல் என்விடியா நிறுவனம் ‘கூடா’ என்ற கருவித்தொகுப்பை வெளியிட்டது. எல்லா நிறுவனத்து அட்டைகளுக்கும் பொதுவான ‘ஓப்பன் சி.எல்.’ அதைத் தொடர்ந்து வந்தது. அந்த வடிகட்டியை ஓப்பன் சி.எல்.லில் எழுதி ‘கே.என்.எல்.மீன்ஸ்.சி.எல்.’ என்று இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். 2016இல் நடுத்தர விலையில் ஓர் அட்டை வாங்கினேன். மின்வெட்டும் அதற்குள் பெரிதும் குறைந்திருந்தது.

எல்லாவற்றையும் அட்டை விரைவுபடுத்தும் என்று எண்ணவேண்டாம். கணினியின் நினைவகத்திலிருந்து அட்டைக்குச் சட்டகத்தைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டுவது போன்ற சில்லறை வேலைக்கு இந்தப் போக்குவரத்தே வேலையைவிட நீளும். கைப்பிடி நாற்றுக்காக லாரி பிடித்த கதை. ஒன்றுவிட்டு ஒன்று பின்னிய கோடுகளைப் பிரித்து முழுச் சட்டகமாக்கும் ‘கியூ.டி.ஜி.எம்.சி.’ போன்றவற்றில் பெரும்பகுதி வேலை இன்னும் கொத்தனாரிடம்தான்; இடைக்கோடுகளை ஊகிக்கும் பகுதியை மட்டும் அட்டைக்கு மாற்றலாம். அட்டைகளில் 2012 முதல் வருகிற வீடியோ சுருக்கும் சில்லு இவற்றோடு சம்பந்தமில்லாத தனிப்பிறவி. அது படத்தை வேகமாகச் சுருக்கித் தரும், தெளியவைக்காது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள், கவனம்.

விநாடிக்கு முப்பது சட்டகம் வந்தது. ஐந்து சட்டகத் தேடலிலும் ஆறுக்குக் குறையவில்லை. 375 மணிநேரம் பன்னிரண்டரை மணிநேரமாயிற்று. ஆனால் நான் பெரிதாக மதிப்பது இந்தக் கணக்கை அல்ல. அப்பத்தாவின் பதினோரு விநாடியில் 275 சட்டகங்கள். பழைய கணினியில் அதை ஒருமுறை வடிகட்டிப் பார்க்க இருபத்து மூன்று நிமிடமாகும். இருபத்து மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துச் சொல்லும்படி யாரையும் கேட்கமுடியாது; தானே பார்த்து, தானே தீர்மானித்து, போதும் என்று விட்டுவிடவேண்டியதுதான். ஸ்டூடியோக்காரரின் நிலையும் அதுவாகவே இருந்திருக்கும். அட்டை அதை முக்கால் நிமிடமாக்கியது. முக்கால் நிமிடம் அத்தை உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அப்பத்தாவின் முகம் மங்கலாகத்தான் நினைவு. அந்த முகத்தை நன்றாக அறிந்து இன்று இருப்பவர் அத்தை ஒருவரே. அவருக்கும் வயதாகிறது, கண்புரைக்கு அறுவை முடிந்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். வடிகட்டியின் வலுவைக் கூட்டினேன். “கன்னம் வழுவழுன்னு போச்சு, கொறை.” குறைத்தேன். “இப்ப நெத்தி தெரியுது, வாய் தெரியல.” அடுத்தது, அதற்கடுத்தது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, படம் எனக்குக் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அத்தை தலையை ஆட்டினார்.

“தண்டட்டி ஆடலையே?”

மீண்டும் ஓட்டினேன். உண்மைதான். தலை திரும்புகிறது, காதோரம் மஞ்சளாக ஒரு கறை அசையாமல் நிற்கிறது. அடுத்தடுத்த சட்டகங்களில் இடம் மாறும் சின்னஞ்சிறு பொற்புள்ளியை வடிகட்டி இரைச்சலாகக் கருதிக் கரைத்திருந்தது. முன்பின் சட்டகங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து, வலுவையும் தணித்தேன். இரைச்சல் கொஞ்சம் திரும்பி வந்தது. தண்டட்டியும் ஆடிற்று. “இது ஆத்தாதான்” என்றார் அத்தை. அந்த அளவிலேயே முழு நாடாவையும் ஓட்டினேன். வேறு இடங்களில் இன்னும் துப்புரவாக்கியிருக்கலாம்தான்.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. அதுவும் இதே அட்டைகளின் பிள்ளை. 2012இல் பொருள்களை அடையாளம் காணும் போட்டியில் வென்று வியக்கவைத்த ‘அலெக்ஸ்நெட்’ இரண்டு விளையாட்டு அட்டைகளில்தான் பயின்றது. உறவுக்காரப் பையன் ஒருவன் அந்தப் பதினோரு விநாடியை ஒரு மென்பொருளில் கொடுத்து, துல்லியமாக்கி அனுப்பினான். இமைமயிர்கூட எண்ணலாம். சோழவந்தான் வெற்றிலையை நாற்பது வருடம் மென்ற வாயில் வெள்ளைவெளேரென்று பல்வரிசை. தொங்கிய காது சுருங்கி, அதில் ஒரு தோடு. பழைய வடிகட்டி இருப்பதைத் தொலைக்கக்கூடும். இல்லாததைக் கொண்டுவந்து வைக்காது. இதுவோ தான் பயின்ற லட்சம் முகங்களிலிருந்து ஒன்றை எடுத்து அங்கே ஒட்டியிருந்தது. அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “யாரு மருமகனே இந்தப் பொம்பள?” என்றார். கேலியாக அல்ல, மெய்யாகவே கேட்டார்.

செய்தி பரவி, வாடிப்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் சொந்தக்காரர்களின் நாடாக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. துடைக்காமல் செருகினால் தலைமுனை கெடும். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. என்னிடமுள்ள பழைய கருவி இரண்டு நாடா ஓடினால் சூடேறி நின்றுவிடுகிறது. எந்த அட்டையைப் போட்டாலும் மூன்று மணிநேர நாடா அதிலிருந்து இறங்க மூன்று மணிநேரம்தான். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரை மாசி வீதிகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.