மின்தேக்கியும் ஒரு சுன்னமும்

வகுப்பறையிற் கற்ற கணக்கு சில வேளைகளில் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று நம்மைச் சோதிப்பதுண்டு. அங்ஙனம் யான் ஒருமுறை தோற்ற வரலாற்றை மாணவ நண்பர்கட்கு உரைக்க விழைகின்றேன்.

எங்கள் இல்லம் மணலியில் உள்ளது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து இராக்காலத்தில் எங்கள் மாடியினின்றும் தோன்றும். என் பாட்டனார் விட்டுச்சென்ற வால்வு ரேடியோப் பெட்டியொன்று கூடத்தில் இருந்தது. பார்வை மங்கிய பாட்டியாருக்கு அதுவே துணை. ஒருநாள் அதன் குரல் சிதைந்து கரகரக்கலாயிற்று. பௌதிகம் பயிலும் யான், “நானே செப்பனிடுவேன்” என்று வீரம் பேசினேன்.

உள்ளே ஒரு மின்தேக்கி மெழுகு கசிந்து கெட்டிருந்தது. அதன்மீது ‘.01 எம்.எப்.டி.’ எனப் பொறித்திருந்தனர். அப்பழைய வழக்கில் ‘எம்’ என்பது மைக்ரோ, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதனை அறிந்திருந்தேன், அறிந்தேன் என்னும் செருக்கே என்னைக் கெடுத்தது.

மின்கொள்திறனின் அலகு பாரடு. மைக்கேல் பாரடே (1791–1867) என்னும் அறிஞர் பெயரால் வழங்குவது. ஒரு வோல்ட்டு அழுத்தத்தில் ஒரு கூலோம் மின்னேற்றம் கொள்வது ஒரு பாரடு. அது மிகப் பெரிய அளவு. இப்பூவுலகம் முழுவதையும் ஒரு தனிக் கோளமாகக் கணக்கிடினும் ஏறத்தாழ 710 மைக்ரோபாரடே தேறும். ஆதலின் மைக்ரோ, நானோ, பிக்கோ என்னும் சிற்றலகுகள் வேண்டுவனவாயின. இவை ஒன்றினொன்று ஆயிரம் மடங்கு சிறியன.

ரிச்சி வீதியில் விற்கும் சிறு மின்தேக்கிகளில் மூன்று இலக்கங்களே காணப்படும். முதலிரண்டும் எண், மூன்றாவது, அதனையடுத்து இடவேண்டிய சுன்னங்களின் தொகை, விடை பிக்கோபாரடில். யான் மனக்கணக்காக .01 மைக்ரோபாரடு 1,000 பிக்கோபாரடு என்று முடிவு செய்து, ‘102’ என்பதனை வாங்கினேன். அது தாங்கும் வோல்ட்டைக் கருத்தாய்ப் பார்த்தேன், சுன்னத்தைப் பார்த்திலேன்.

பெட்டி மீண்டும் பாடிற்று. என் மார்பு விம்மிற்று. பாட்டியார் சற்று நேரம் செவிசாய்த்திருந்து, “பாட்டுக் கேட்கிறது, அப்பா. மிருதங்கத்தில் இடப்பக்கத்தைக் காணோமே?” என்றார்.

திடுக்கிட்டேன். கொள்திறன் குறையின் தாழ்ந்த ஒலிகள் மின்தேக்கியைக் கடக்கமாட்டாமல் தேய்ந்துபோம் என்று பரீட்சையில் எழுதியவன் யானே! காகிதமும் எழுதுகோலும் கொண்டு படிப்படியாகக் கணக்கிட்டேன். .01 மைக்ரோபாரடை ஆயிரத்தாற் பெருக்க 10 நானோபாரடு. மீண்டும் ஆயிரத்தாற் பெருக்க 10,000 பிக்கோபாரடு. வேண்டியது ‘103’. ஒரு சுன்னத்தை விழுங்கிப் பத்திலொரு பங்கை வைத்திருந்தேன்.

மறுநாள் அதனை மாற்றினேன். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல்கள் மட்டும் நாற்காலியின் கைமீது தாளமிட்டன.

நண்பர்களே, அன்றுமுதல் அலகு மாற்றும்பொழுது ஒரு படியையும் தாண்டாமல் எழுதியே கணக்கிடுகின்றேன். நூல் காட்டாத என் பிழையைக் காட்டியது, எழுத்தறியாத ஒரு முதியவரின் செவியன்றோ!