பெயர் பொய், ருசி மெய்!

துருக்கி தேசத்தில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் பழத்துக்காகத்தான் போகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கருங்கடலுக்குத் தெற்கே டோக்காட் என்று ஓர் ஊர். அங்கே வைகாசி வந்துவிட்டால், பழம் பழுப்பதற்கு வெகு முன்பே, கொடிகளில் அறுவடை ஆரம்பமாகிவிடும். இலை அறுவடை!

'நாரின்ஜே' என்ற ஜாதித் திராட்சையின் இலைக்கு அங்கே தனி மவுசு. மெல்லிய இலை, லேசான புளிப்பு. இளம் இலைகளாகப் பார்த்துப் பறித்து, நாம் மாவடு போடுவதுபோல உப்பு நீரில் ஊறப்போட்டு, வருஷம் பூராவும் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இலையில் பூரணம் வைத்துச் சுருட்டினால் 'சார்மா'. 'டோல்மா' என்றும் சொல்வதுண்டு. நிரப்பியது என்று அர்த்தம். ஆட்களை நிரப்பிக்கொண்டு கிளம்பும் வாடகை வண்டிக்கும் அங்கே 'டோல்முஷ்' என்றுதான் பெயர்!

மாமிசப் பூரணம் ஒரு தினுசு. சைவர்களுக்கும் ஒரு தினுசு உண்டு. அரிசி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், புதினா, பைன் மரத்துப் பருப்பு, உலர்ந்த சிறு திராட்சை ஆகியவை சேர்ந்தது. மாமிசம் இல்லாத குற்றத்துக்காக அதற்கு 'யாலான்ஜி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'பொய்க்காரன்' என்று பொருள்! ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பார்த்தால் பொய் எது, மெய் எது என்று தெரிந்துவிடும்.

போஷாக்கிலும் குறைவில்லை. நூறு கிராம் பச்சை இலையில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அதே அளவு பசும்பாலில் இருப்பதைப் போல் மூன்று மடங்கு! நார்ச்சத்து 11 கிராம். ஆனால் ஓர் இலையின் எடை மூன்று கிராம்தான். ஆகையால் பால்காரரை நிறுத்திவிட வேண்டாம். உப்பில் ஊறிய இலையை நன்றாக அலசிவிடுவதும் அவசியம்.

சுருட்டுவதில்தான் சாமர்த்தியம். நரம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும். துளிப் பூரணம் வைத்து, இரு ஓரங்களையும் மடித்து, சுண்டுவிரல் பருமனுக்குச் சுருட்ட வேண்டும். இறுக்கினால் அரிசி பொங்கி இலை கிழியும், தளர்த்தினால் பிரிந்துவிடும். ஒரு பானைக்கு நூறு இலையாவது ஆகும். தனியாக உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால்தான் அண்டை அயல் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஊர்க் கதை பேசிக்கொண்டே சுருட்டுகிறார்கள்.

பக்கத்து நாடான அஜர்பைஜானின் டோல்மாவை 2017-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பண்டத்தை மட்டும் அல்ல. அதைச் செய்து பகிர்ந்து உண்ணும் வழக்கத்தையே சேர்த்தது. அரை நாள் சுருட்டியது அரை நொடியில் வாய்க்குள் மறைந்துவிடுகிறது. அந்தப் பக்கம் விருந்துக்குப் போனால், "இன்னும் இரண்டு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சுருட்டிய கைகளுக்கு அதுதான் கூலி.