கிட்டாரில் ஏறிய புளியமரம்

விழுப்புரத்தில் காலை பாசஞ்சரில் ஏறியபோது அவர் மடியில் ஒரு கிட்டார் பை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன்கள் வந்து போக, அவர் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். திண்டிவனத்தில் இருக்கும் அண்ணியிடம் எப்படிக் கேட்பது? 'அண்ணனின் கிட்டாரைக் கொடுங்கள்' என்பது எளிது. 'அதிலிருக்கும் ஃப்ரெட்களைப் பிடுங்கி எடுக்கப் போகிறேன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே!

கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். வீணையில் அதையே மெட்டு என்கிறோம். விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் தந்தி அந்த மெட்டில் போய் உட்கார்ந்து சரியான ஸ்வரத்தைக் கொடுத்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு அது வரம். அவருக்கோ ஒரு வருடமாக அதுதான் தொல்லை.

காரணம், மகள். பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் கர்னாடக சங்கீதம் கற்கிறாள். தோடி பாடும்போது அவளுடைய காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சலாடும். கூடவே வாசிக்க உட்கார்ந்த அப்பாவின் கிட்டார் தடதடவென்று இறங்கும். "அப்பா, நான் சறுக்கு மரத்துல வர்றேன். நீங்க படிக்கட்டுல இறங்குறீங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

ஃப்ரெட் உள்ள கருவியில் கமகம் வராது என்று சொல்லிவிட முடியாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் கிட்டார் பிரசன்னாவும் அதை வாசித்துக் காட்டியவர்கள். வீணையிலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிடிக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் சின்ன வயதிலிருந்து ஊறிய விரல். 53 வயதில், தபால் ஆபீஸில் முத்திரை குத்திக் களைத்த கைக்கு அந்த இழுப்பு வசப்படவில்லை. மெட்டையே எடுத்துவிட்டால்?

அப்படிப்பட்ட கருவிகள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கோட்டுவாத்தியம் எனும் சித்திரவீணையில் மெட்டு கிடையாது. தந்திகள்மேல் ஒரு உருளைக் கட்டையை நகர்த்தி வாசிப்பார்கள். வடக்கே சரோடில் விரல் நகரும் இடம் வழவழப்பான உலோகத் தகடு. துருக்கியில் எர்கான் ஓவுர் என்ற கலைஞர் 1976-ல் ஃப்ரெட் இல்லாத கிட்டார் செய்துகொண்டார். அவர் ஊர் இசைக்கு வேண்டிய ஸ்வரங்கள் இரண்டு ஃப்ரெட்களுக்கு நடுவில் கிடந்ததுதான் காரணம். அமெரிக்காவின் ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் பேஸ் கிட்டாரின் ஃப்ரெட் இல்லாத பலகைமேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். எஃகுத் தந்தி மரத்தை அரம்போல அறுத்துவிடுமே, அதற்காக. ஃப்ரெட் இருக்கும்வரை பலகை என்ன மரம் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. எடுத்துவிட்டால், தந்தி நேரே மரத்தின்மேல்தான் உரசும். அப்போது மரம்தான் எல்லாம்.

அண்ணனின் கிட்டார் நினைவுக்கு வந்தது அதனால்தான். கொல்கத்தாவில் செய்தது, பலகை அசல் ஈட்டி மரம். மெல்லிசைக் குழுக்களுக்காக அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு மரக்காணம், செஞ்சி, வந்தவாசி என்று திரிந்தார். 'இளைய நிலா' தொடங்கும்போது மேடையில் அவர்மேல் மட்டும் விளக்கு விழும். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. கிட்டார் அண்ணியின் பீரோ மேல் இருந்தது.

காபி கொடுத்துவிட்டு அண்ணி பெட்டியைத் திறந்தார். அவர் சொல்லச் சொல்ல மௌனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் மூன்று ஃப்ரெட்களை விரலால் தடவினார். உலோகத்திலும் அதையொட்டிய மரத்திலும் சின்னச் சின்னக் குழிகள்.

"இதெல்லாம் அவர் விரல்தானே தம்பி?"

"ஆமாம் அண்ணி."

"எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கப் போறேன்?"

மறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பை இப்போது கனத்தது.

அண்ணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வயதான ஆசாரி ஒருவரின் பட்டறை. கதவு, நிலை, ஜன்னல்தான் அவர் தொழில். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிடுங்கலாம் தம்பி. சால்டரிங் அயர்னால சூடு காட்டினா பசை இளகும். ஆனா அடியில முள்ளு முள்ளா இருக்கும், மரத்தைப் பேத்துக்கிட்டுத்தான் வரும். ஒவ்வொரு பள்ளத்துலயும் மெல்லிய மரச்சீவலை வெச்சு அடைக்கணும். அடைக்காம விட்டா கழுத்து வளைஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "பிடுங்கிட்டா, அப்புறம் இவர் வாசிச்ச மாதிரி இதுல வாசிக்க முடியுமா?"

முடியாது. ஃப்ரெட் இல்லாத கிட்டாரில் கார்டு பிடிப்பது மகா கஷ்டம். மூன்று நான்கு விரல்களும் ஒரே நேரத்தில் மயிரிழை பிசகாமல் அதனதன் இடத்தில் விழ வேண்டும். ஒரு விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் அபஸ்வரம். ஒற்றை ஸ்வரமாக இழைத்துப் போகும் நம் சங்கீதத்துக்கு அது பொருந்தும்; 'இளைய நிலா'வுக்குப் பொருந்தாது. ஒரு வருடமாக வீடியோ வீடியோவாகப் பார்த்தவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆசாரி கேட்ட பிறகுதான் உறைத்தது. கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார்.

"வேற கிட்டார் வாங்கிட்டு வர்றேன் அண்ணே. பலகையையே புதுசாப் போட்டுடலாம். என்ன மரம் போடுறது?"

ஆசாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தேக்கு? கதவுக்குச் சரி, எஃகுத் தந்தியைத் தாங்காது. பலா? தஞ்சாவூர் வீணைக்கு அதுதான், ஆனால் குடத்துக்கும் தண்டிக்கும்; தந்தி உரசும் இடத்துக்கு அல்ல. ஈட்டிக்கு ஆயிரம் சட்டச் சிக்கல். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூடப் பல வருடம் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாமல் இருந்தது. கருங்காலி? உலகம் முழுக்க வயலினுக்கு அதுதான். "அதையெல்லாம் இப்ப மணியா உருட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்களே தம்பி" என்று சிரித்தார். அசல் கருங்காலி எது, சாயம் பூசியது எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

பிறகு மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு பலகையை உருவினார். கருஞ்சிவப்பில் பாதி, வெளிறிய மஞ்சளில் பாதி. "புளி. நாலு வழிச் சாலை போட்டப்ப வெட்டின மரம். கறிக்கடைக்காரர் கேட்டும் கொடுக்கலை."

கறிக்கடையில் கத்தி விழுந்துகொண்டே இருக்கும் கட்டை புளியமரம்தான் என்பது ஊரறிந்தது. அந்த அடியைத் தாங்கும் மரத்துக்கு ஆறு தந்திகள் எம்மாத்திரம்! திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வெளிறிய பாகத்தைப் பூச்சி அரிக்கும், அதை வெட்டித் தள்ளிவிட வேண்டும். வைரம் பாய்ந்த கறுத்த பாகம் மட்டுமே உதவும். நன்றாகக் காய்ந்திருக்குமா என்று அவர் சந்தேகப்பட்டார். "இதைவிடக் காஞ்சது வேணும்னா திருவக்கரைக்குத்தான் போகணும்" என்றார் ஆசாரி. அங்கே கல்மரப் பூங்காவில் கிடக்கும் மரங்கள் கல்லாகி 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கிட்டார் வேட்டை விழுப்புரத்தில் நடந்தது. கல்லூரி முடித்த பையன்கள் விற்கும் பழைய கிட்டார்கள் நான்கைப் பார்த்தார். பளபளப்பில் மயங்காமல் மூன்றே விஷயம் கவனித்தார். ஒன்று, நடு ஓட்டையின் விளிம்பு. மேல் பலகையின் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஃப்ரெட் போனால் தந்தியை அழுத்துவது சதைப்பற்றுள்ள விரல்தான், நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் மேல் பலகையாவது வாய் திறந்து பேச வேண்டும். இரண்டாவது, கழுத்து நேராக இருக்கிறதா, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி திருகினால் அசைகிறதா என்பது. மூன்றாவது, எஃகுத் தந்தியா நைலானா? நைலான் மரத்தைத் தேய்க்காது, ஆனால் நாதம் இன்னும் சீக்கிரம் சாகும். கையில் புளி இருக்கும்போது நைலானுக்கு ஏன் பயந்து ஒதுங்க வேண்டும்? ஸ்ப்ரூஸ் எனும் குளிர்நாட்டு மரத்தில் மேல் பலகை போட்ட, எஃகுத் தந்தி கிட்டார் ஒன்று 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்பக்கம் பிளைவுட்தான். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இழுத்தது. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியைச் செருகிப் பழைய பலகையைக் கழற்றினார்கள். புளியின் முறுக்கிய ரேகையில் இழைப்புளி திக்கித் திணறியது. உளியை ஆசாரி எத்தனை முறை தீட்டினார் என்பதற்குக் கணக்கில்லை. புதிய பலகையைப் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமனாக விட்டது அவருடைய யோசனை. ஃப்ரெட்டின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் தந்தி பலகையிலிருந்து எட்டத்தில் தொங்கி விரலை நோகடிக்கும். ஃப்ரெட் இருந்த இடங்களைப் பலகையின் பக்கவாட்டில் மட்டும் சின்னப் புள்ளிகளாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் உப்புத்தாள், பிறகு இன்னும் நைசான உப்புத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி வாசலிலேயே கேட்டார். "ஏங்க, புளியமரத்தையா வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க? பேய் கீய் கூட வந்துடப் போகுது."

வந்த சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 40 வருடமாக ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகிய விரல், இப்போது மிகச் சரியாகப் புள்ளிக்கு நேரே விழ வேண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நூல் குறைந்தே பேசியது. நாதமும் கிட்டார் மாதிரி இல்லை. பக்கத்து அறையில் யாரோ சரோட் வாசிப்பதுபோல, தொண்டை கட்டின மாதிரி. மகள் தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் ஒரு மாலையில் காந்தாரம் ஒரே ஒரு முறை ஆடியது.

"அப்பா, இப்ப சறுக்குறீங்க. ஆனா எங்க போய் நிக்கணும்னுதான் தெரியலை."

பொங்கலுக்குத் திண்டிவனம் போனபோது அவர் அண்ணனின் கிட்டாரையும் எடுத்துப் போனார். புதுத் தந்தி மாட்டி, துடைத்து, ஃப்ரெட் ஒன்றைக்கூடத் தொடாமல். அண்ணி முதலில் அந்தக் குழிகளைத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிலா பாட்டு வாசிங்க தம்பி" என்றார்.