கோலப்பொடியில் வரைந்த ஊர்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில், மகளிர் சுய உதவிக் குழு அக்காமார் கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விளக்கு எரியாத கம்பத்துக்கு ஒரு கரித்துண்டு, தண்ணீர் வராத வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. கடைசித் தெருவில்தான் கொட்டைகள் குவிந்தன. "இதச் சொல்லத்தானே இத்தனை வருஷமா அலையிறோம்" என்றார் ஒரு பெரியம்மா.

அதைச் சொல்லும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் அது கூடுவதற்கு ஆண்டில் ஆறு நாட்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுய உதவிக் குழுக்கள் தயாரிக்கும் வறுமைக் குறைப்புத் திட்டம் அங்கே வைக்கப்பட்டு, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும். இப்படி ஊர் மக்களே திட்டமிடுவதற்காகக் கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தது.

எந்தக் குழாயடியில் எத்தனை குடம் காத்திருக்கிறது என்பது குடம் சுமப்பவருக்குத்தான் தெரியும். தனியாகப் போனால் அது புலம்பலாகப் போய்விடும். குழுவாகப் போனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

அடுத்த கிராம சபைக்குப் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் முன், தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.